இரவு 10.15க்கு அலாரம் வைத்திருக்கிறேன்: குடியை நிறுத்தக் கூட்டம் எங்கே நடக்கிறது?

மின்தூக்கிக்காரன்
வியாழன், அதிகாலை 2.40

இங்கே எல்லோரும் எழுதுவதைப் படிப்பதோடு சரி, நான் எழுதியதில்லை. வயது 47. மின்தூக்கிப் பராமரிப்பு வேலை. சிங்கப்பூரில், ஈசூனில் வீடு. மனைவியும் உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள்.

தெருவில் விழுந்து கிடக்கிற ஆள் இல்லை நான். வேலைக்குப் போகிறேன், தவணைகளைக் கட்டுகிறேன். ஆனால் தினமும் இரவு 10.15க்கு என் கைத்தொலைபேசியில் ஓர் அலாரம் அடிக்கும். 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30க்கு மேல் கடையில் மது வாங்கிக்கொண்டு போக முடியாது அல்லவா? அந்தச் சட்டம் வந்து என் குடி ஒரு மடக்குகூடக் குறையவில்லை. நேரம் தவறாத மனிதனாக மட்டும் ஆகிவிட்டேன். அலாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன். மகள் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, உங்களுக்கு என்ன நோய்?” என்று கேட்டாள். ரத்தக் கொதிப்பு என்றேன்.

போன வாரம் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டாம் மாடியில் கதவுப் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது. திருப்புளி நழுவி உள்ளே விழுந்தது. கிணற்றில் கல் போட்டதுபோல் அடியிலிருந்து சத்தம் வரச் சற்று நேரமாயிற்று. கீழே குழியில் யாரும் இல்லை. முந்தின நாள் அதே நேரத்தில் என்னோடு வேலை செய்யும் பையன் அந்தக் குழியில் குனிந்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை. இரண்டாம் இரவு படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, சுவரில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு தோற்றம். மூன்றாம் நாள் அலாரம் அடித்ததும் போய் இரண்டு பெரிய போத்தல் பீர் வாங்கிவிட்டேன். குடித்த அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் இங்கே நடப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். தமிழில் நடக்கிறதா? என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், மனம் விட்டுப் பேசப் போதாது. அடையாள அட்டை எண் கேட்பார்களா? போதைப்பொருள் வழக்குபோல் எங்காவது பட்டியலில் பெயர் ஏறி நிறுவனத்துக்குத் தெரியவருமா? தேவாலயத்தில் நடக்கும் என்கிறார்கள். நான் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவன். (போன முறை விரதம் பாதியில் முறிந்தது. அதை வீட்டில் சொல்லாமலேயே குடத்தைத் தூக்கினேன். இதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.)

பெரிய பயம் ஒன்று உண்டு. நம் சமூகம் சிறியது. தேக்காவில் ஒருவர் இருமினால் ஈசூனில் கேட்கும். அந்த அறையில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்?

இன்னொன்றும் விளங்கவில்லை. குடிகாரர்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து பேசினால் குடி எப்படி நிற்கும்? காப்பிக்கடையில் நாங்கள் தினமும் அதைத்தானே செய்கிறோம்?

*

இரவுப்பணி
வியாழன், காலை 7.50

அண்ணா, நான் தாதி. இப்போதுதான் பணி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். கூட்டம் பற்றி அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த எறும்பைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மறுபடியும் ஒரேயடியாக நிறுத்திப் பார்க்காதீர்கள். மின்தூக்கியில் கூண்டுக்கு எதிர் எடை ஒன்று இருக்குமாமே, அதுபோல்தான் இதுவும். தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை, மது தரும் மந்தத்துக்கு ஈடாகத் தன்னையே முடுக்கி வைத்திருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் ஒரு பக்கம் அறுந்துபோகும், மறுபக்கம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாதவை கண்ணில் தெரிவது எல்லாம் சேர்ந்து வரும். டெலிரியம் டிரெமன்ஸ் என்பார்கள், உயிரைக்கூடப் பறிக்கும். நீங்கள் அதன் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கலாம். சில நாட்களுக்கு அளவு குறைத்துக்கொண்டே போகும் மருந்தும் வைட்டமின் பி1ம் கொடுத்து, பாதுகாப்பாக இறக்கிவிட மருத்துவர்களால் முடியும். வலிப்போ குழப்பமோ வந்தால் யோசிக்காமல் 995, ஆம்புலன்ஸ்.

மனநலக் கழகத்தில் அடிமைப்பழக்கங்களுக்கென்றே ‘நேம்ஸ்’ என்ற பிரிவு இருக்கிறது, புவாங்கோக்கில். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் மானியக் கட்டணம்.

பட்டியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று தெரிந்தால் மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். மதுவுக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எத்தனையோ பேர் வராமலேயே இருந்துவிடுகிறார்கள்.

*

ஓரத்து நாற்காலி
வியாழன், பிற்பகல் 1.20

தம்பி, தாதியம்மா சொன்னதை முதலில் செய்யுங்கள். பிறகு இதைப் படியுங்கள், நீளமாக இருக்கும். எனக்கு 61 வயது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினேன். குடிக்காமல் ஒன்பது வருடம் ஆகிறது.

நான் போவது ஏஏ கூட்டங்களுக்கு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம், பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கிளையின் இணையப் பக்கத்தில் எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று பட்டியல் இருக்கும். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மனைவியைக்கூட அழைத்து வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். அடையாள அட்டை, படிவம், வருகைப் பதிவு ஒன்றும் கிடையாது. உங்கள் பெயரைச் சொல்லலாம், முருகா என்று வேறு பெயரும் சொல்லலாம். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கட்டணமும் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், அறை வாடகைக்கும் காப்பிக்கும். புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

முதல் நாள் நான் அந்தக் கட்டடத்தை மூன்று முறை சுற்றினேன். எதிரே இருந்த மளிகைக் கடையில் தேவையே இல்லாமல் ஒரு சோப்பு வாங்கினேன். இருபது நிமிடம் தாமதமாக உள்ளே போய்க் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், ஓட வசதியாக. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிஸ்கட் டின், பதினான்கு பேர். பிஸ்கட் டின்னை என் பக்கம் நீட்டியவர் யார் தெரியுமா? என் புளோக்கில் ஐந்தாம் மாடியில் இருந்தவர். எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. பிறகுதான் மண்டையில் உறைத்தது: அவரும் பிஸ்கட் சாப்பிட வரவில்லை. இன்றுவரை மின்தூக்கியில் சந்தித்தால், பக்கத்தில் மனைவிமார் இருந்தால், மழையைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்வோம்.

மொழி பற்றி. நான் போகும் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடப்பவை. முதல் இரண்டு வாரம் என் முறை வந்தபோது, இன்று கேட்கிறேன், பேசவில்லை என்று கடத்திவிட்டேன். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மூன்றாம் வாரம் தொண்டைவரை வந்துவிட்டது, ஆனால் ஆங்கிலத்தில் வரவில்லை. தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். நடத்தியவர் தலையசைத்தார். என் மகனின் பதிவுத் திருமணத்தன்று கார் நிறுத்துமிடத்தில் நான் தூங்கிக்கிடந்ததை, பத்து நிமிடம், தமிழில் சொன்னேன். அறையில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியாது. அதனாலேயே முழுவதையும் சொல்ல முடிந்தது. புரிகிறவர்கள் இருந்திருந்தால் பாதியை மறைத்திருப்பேன்.

முடிந்ததும் ஒரு சீனப் பெரியவர் என்னிடம் வந்து, அடிக்கடி ‘சனிக்கிழமை’ என்றாயே, அது எந்த நாட்டுச் சாராயம் என்று கேட்டார். சாராயம் இல்லை, வாரத்தில் ஒரு நாள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எனக்குப் புதன்கிழமை” என்றார். அவர்தான் பிறகு எனக்கு வழிகாட்டியாக இருந்தார். ஸ்பான்சர் என்பார்கள். குடிக்கத் தோன்றும்போது, குடிப்பதற்கு முன்னால் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆள்.

குடிகாரர்கள் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்ற பங்குத் தரகர், குடியை விட்டு ஐந்தாறு மாதம் ஆனவர், வந்த வியாபாரம் படுத்துப்போய் விடுதிக் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார், அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். உபதேசம் கேட்க அழைக்கவில்லை, இந்த ஊரில் என்னைப் போன்ற குடிகாரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவரோடு பேச வேண்டும் என்றுதான் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர், இரவு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான் இயக்கம் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். காப்பிக்கடையில் நாம் பேசுவது அடுத்த போத்தலுக்காக. அங்கே பேசுவது அடுத்த போத்தல் வராமல் இருப்பதற்காக. வாய் அதே வாய்தான்.

தேவாலயம் அறையை வாடகைக்குத் தருகிறது, அவ்வளவுதான். இயக்கம் எந்தச் சமயத்தையும் சேர்ந்தது இல்லை. குடியை விட இயக்கம் வகுத்துத் தரும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், அவரவர் அறிந்த கடவுள் என்றே வரும். எனக்கு அது சமயபுரம் மாரியம்மன். யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

*

பென்சில் கோடு
வியாழன், மாலை 6.05

தம்பி, உங்கள் மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். தெரியும். நான் என் கணவரின் போத்தலில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். பிறகு அவர் தண்ணீர் ஊற்றிக் கோட்டுக்குச் சரிசெய்வார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பதினோரு வருடம் இருவரும் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனியாக ஒன்று இருக்கிறது. மேலே ஐயா சொன்ன அதே பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்மணியும் சேர்ந்து 1951ல் தொடங்கியது. நான் போனது அவரைத் திருத்தும் வழியைக் கற்றுக்கொள்ள. அங்கே முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: இதை நீ உண்டாக்கவில்லை, உன்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. அன்று கோபம்தான் வந்தது, பஸ் காசு வீண் என்று. அடுத்த வாரமும் போனேன். இன்றுவரை அவர் முழுதாக விடவில்லை. நான் பென்சிலை விட்டுவிட்டேன்.

உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். அலாரத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*

நாலு கட்டம்
வியாழன், இரவு 9.30

மாற்றுக் கருத்து ஒன்று. எனக்கு ஏஏ ஒத்துவரவில்லை. “என் பெயர் இன்னது, நான் குடிநோயாளி” என்று ஒவ்வொரு முறையும் சொல்லும்போது எனக்குள் ஏதோ சுருங்கியது. கடவுளிடமும் எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. ஸ்மார்ட் ரிக்கவரி என்ற முறையில்தான் நின்றேன். 1994ல் அமெரிக்காவில் தொடங்கியது, மனநலச் சிகிச்சையில் பயன்படும் சிந்தனைப் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது. பட்டப்பெயர் இல்லை, படிகள் இல்லை. ஜாலான் உபியில் ‘வீ கேர்’ என்ற அமைப்பு இந்தக் கூட்டங்களை நடத்துகிறது. நான் அங்கேதான் போனேன்.

ஒரே ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். தாளை நான்கு கட்டமாக மடியுங்கள். குடிப்பதால் கிடைக்கும் நன்மை, குடிப்பதால் வரும் கேடு, குடிக்காவிட்டால் நன்மை, குடிக்காவிட்டால் கேடு. முதல் கட்டத்தை நேர்மையாக நிரப்புங்கள், அதுதான் கடினம். நான் அதில் ‘யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்’ என்று எழுதினேன். எழுதிய பிறகு நான் எதற்குக் குடிக்கிறேன் என்று புரிந்தது. எட்டு மாதமாக அந்தத் தாள் என் பணப்பையில் இருக்கிறது.

*

ஓரத்து நாற்காலி
வியாழன், இரவு 9.55

நான் சண்டைக்கு வரவில்லை, தம்பி. செவ்வாய் அங்கே, வெள்ளி இங்கே என்று இரண்டுக்கும் போகிறவர்களை எனக்குத் தெரியும். பிஸ்கட் மட்டும் எங்களிடம் நன்றாக இருக்கும்.

*

மேல்படுக்கை
வெள்ளி, இரவு 11.50

வணக்கம் அண்ணன். நான் கட்டுமான வேலை, தங்குவிடுதியில் இருக்கிறேன். ஆங்கிலக் கூட்டம் எனக்குச் சரிப்படாது. இங்கே வருவதற்கு முன் திருச்சியில் ஒரு பள்ளிக்கூட அறையில் தமிழ்க் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அண்ணன்கள் இப்போது இணையத்திலும் நடத்துகிறார்கள், ஸூம் வழியாக. ஊரில் இரவு 8 மணிக்குத் தொடங்கும். நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் இங்கே 10.30.

நீங்கள் அலாரம் பற்றி எழுதியதைப் படித்ததும் இதைத்தான் முதலில் நினைத்தேன். கடை மூடும் நேரமும் கூட்டம் தொடங்கும் நேரமும் ஒன்று.

நான் படுக்கையில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு கேட்பேன். முகம் காட்ட வேண்டாம். கீழ்ப்படுக்கைக்காரர் நான் பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கடினம். பணம் அனுப்பத் தேக்கா போனால் நண்பர்கள் கூப்பிடுவார்கள். அதனால் காலை ஒன்பது மணிக்கே போய் அனுப்பிவிட்டு, சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன். நேற்றோடு 212 நாள். இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

*

மின்தூக்கிக்காரன்
பதினாறு நாள் கழித்து, சனி, மாலை 4.10

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பென்சில் கோடு அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. மனைவியிடம் சொன்னபோது அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை, காய் நறுக்கிக்கொண்டே, “நாளைக்கு விடுப்புப் போடுகிறேன், சேர்ந்து போவோம்” என்றாள். பலதுறை மருந்தகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் என்று மருத்துவர் கேட்டார். நான் இரண்டு என்றேன். மனைவி நான்கு என்றாள். மருத்துவர் நான்கு என்று எழுதிக்கொண்டார். அங்கிருந்து புவாங்கோக். மருந்து, ரத்தப் பரிசோதனை, ஒரு வாரம் ஓய்வு. இந்தமுறை எறும்பு வரவில்லை. தூக்கம்தான் வரவில்லை.

ஓய்வு முடிந்த மறுநாள் கூட்டத்துக்குப் போனேன். மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்து மின்தூக்கியில் கதவு உருளை தேய்ந்திருக்கிறது, மூடும்போது முனகுகிறது. அதைக் கவனிப்பதற்காகத்தான் இரண்டு முறை மேலும் கீழும் போய் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறை கதவு திறந்தபோது வெளியே நின்ற ஓர் அம்மா, “கூட்டத்துக்கா? இந்தப் பக்கம்” என்றார். தப்ப முடியவில்லை.

தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? நான் பேசவில்லை. தமிழிலும் பேசவில்லை. முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண், வேலையிடத்துக் கழிப்பறையில் போத்தலை ஒளித்துவைத்த கதையைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரிக்கலாம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் 24 மணி நேரம் குடிக்காமல் இருப்பதற்கு அடையாளமாக, நாணயம்போன்ற வில்லை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கருவிப் பெட்டியில் திருப்புளிகளுக்கு நடுவே கிடக்கிறது.

மேல்படுக்கைத் தம்பி, இரவில் உங்கள் கூட்டத்தைக் கேட்கிறேன். 10.15 அலாரம் அப்படியே இருக்கிறது, பெயரையும் மாற்றவில்லை. நேற்று அடித்தபோது மகள், “அப்பா, மருந்து” என்று அறைக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நடுவில் ஒரு நாள் தவறியது. ஐந்தாம் நாள், ஒரு போத்தல். இதை மறைத்துவிடலாம் என்று இரண்டு முறை அழித்துவிட்டு எழுதுகிறேன். மருத்துவரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்கு இரவு வேலை. மதிய நேரத்தில் திறந்த கூட்டம் ஏதாவது இருக்கிறதா, ஐயா? மனைவியும் வருகிறேன் என்கிறாள்.

*

ஓரத்து நாற்காலி
சனி, மாலை 4.35

செவ்வாய், 12.30. இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன், கீழே வாசலில் நிற்கிறேன். பழைய கட்டடம், மின்தூக்கி கிடையாது. படியேறித்தான் வர வேண்டும்.